வேகஸ் நரம்பும் விலங்குகளின் பசியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மாடுகள் அசைபோடுவதைப் பற்றிய பதிலுக்கு இடையே, “அந்த வேலையை நடத்துவது வேகஸ் என்னும் நரம்பு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் இம்மாதம் மேசையில் குவிந்துவிட்டன. முதலில் கால்நடை மருத்துவராகவும் பின்னர் உடலியங்கியல் ஆசிரியராகவும் இந்த நரம்போடு நெடுங்காலம் பழகியவன் என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வேகஸ் பத்தாவது கபால நரம்பு என்றும், எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்த அது இதயத்துடிப்பைக் குறைத்துச் செரிமானத்தைத் தூண்டும் என்றும் எங்கள் பாடநூலில் இரண்டு வரிகள் உள்ளன. மூளையின் கட்டளையை வயிற்றுக்குக் கொண்டு செல்வதுதான் அதன் வேலை என்றால், பசிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (விலங்கியல் பயிலும் மாணவி)

பதில்: அந்த இரண்டு வரிகளும் சரியானவைதாம். ஆனால் அவை அந்த நரம்பின் வேலையில் சிறிய பங்கை மட்டுமே சொல்கின்றன.

வேகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்படும் இந்த நரம்பு, கழுத்தில் தலைக்குச் செல்லும் தமனியை ஒட்டி இறங்கி, குரல்வளை, இதயம், நுரையீரல் என்று வழியெங்கும் கிளைவிட்டு, உணவுக்குழாயின் மேல் படர்ந்து, அதனுடனேயே உதரவிதானத்தைக் கடந்து, இரைப்பை, கல்லீரல், கணையம், குடல் என்று பரவுகிறது. வேறெந்தக் கபால நரம்பும் தலையிலிருந்து இவ்வளவு தொலைவு வருவதில்லை. மாணவனாக இருந்தபோது, ஒரு நாயின் உடலைக் கூறாய்வு செய்கையில், கழுத்துத் தமனியோடு ஒரே உறைக்குள் கிடந்த அந்த வெண்ணிற இழையை இடுக்கியால் மெல்லத் தூக்கிப் பிடித்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தடித்த நூல் அளவே இருந்த அதற்குள் பல்லாயிரம் நரம்பிழைகள் ஓடுகின்றன என்று ஆசிரியர் சொன்னபோது நம்பவே முடியவில்லை.

அந்த இழைகள் எந்தத் திசையில் செய்தி கடத்துகின்றன என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பூனைகளின் வேகஸ் நரம்பில் உள்ள இழைகளை 1930களிலும் 1950களிலும் பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள், மூளையிலிருந்து வயிற்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் இழைகள் சிறுபான்மையே என்று கண்டார்கள். வயிற்றறைக்குள் ஓடும் பகுதியில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. ஆகவே வேகஸை மூளையின் கட்டளைக் கம்பி என்பதைவிட, வயிற்றின் நிலையை மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கும் நரம்பு என்பதே பொருத்தம். பசியும் நிறைவும் அந்தத் தகவலைக் கொண்டு மூளை எடுக்கும் முடிவுகள்.

தகவல் கொண்டு செல்லும் இழைகளின் செல் உடலங்கள், கபாலத்தின் அடியில் கழுத்து தொடங்கும் இடத்திலுள்ள நரம்பு முடிச்சுகளில் இருக்கின்றன. அவற்றின் ஒரு முனை குடல் சுவரிலும் மறுமுனை முகுளத்திலுள்ள தனிப்பாதை உட்கரு என்னும் நரம்பணுத் தொகுதியிலும் முடிகின்றன. கட்டளை அனுப்பும் நரம்பணுக்களோ அதற்கு மிக அருகிலேயே முகுளத்தில் உள்ளன. வயிற்றில் ஒரு மாற்றம் நேர்ந்தால் செய்தி மேலே சென்று, அங்கேயே திரும்பி, அடுத்த நொடிகளில் கட்டளையாகக் கீழே வந்துவிடுகிறது. உணவு இறங்கும்போது இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பது இத்தகைய சுற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தத் தளர்வு இல்லையென்றால் ஒவ்வொரு கவளத்துக்கும் உள்ளழுத்தம் ஏறி, சிறிது உண்டதுமே வயிறு கனத்துவிடும்.

கேள்வி: பாவ்லவ் என்றதும் மணியோசைக்கு நாய்க்கு எச்சில் ஊறியதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் நோபல் பரிசு பெற்றது வேகஸ் ஆய்வுக்காக என்று ஒருவர் சொன்னார். உண்மையா? இந்த நரம்பை வெட்டிவிட்டால் செரிமானம் நின்றுவிடுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: ரஷ்ய உடலியங்கியல் அறிஞர் இவான் பாவ்லவுக்கு 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது செரிமானத்தின் உடலியங்கியலை ஆராய்ந்ததற்காக, அந்த ஆய்வுகளில் வேகஸ் நரம்புக்கு முதன்மையான இடம் உண்டு. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் அறுத்து வெளியே திறந்துவிட்டால், அது விழுங்கும் இறைச்சி இரைப்பையைச் சேராமல் கழுத்துத் திறப்பு வழியே வெளியே விழுந்துவிடும். இரைப்பையில் ஒரு துளி உணவும் இல்லாத அந்த நிலையிலும், நாய் உண்ணத் தொடங்கிய சில நிமிடங்களில் இரைப்பைச் சாறு தெளிவாகச் சுரந்து வழிந்தது. இரு பக்க வேகஸ் நரம்புகளையும் வெட்டியபின், அதே நாய் அதே ஆர்வத்தோடு உண்டபோதும் சாறு சுரக்கவில்லை. உணவைப் பார்த்தும் முகர்ந்தும் மென்றும் மூளை அறிந்துகொண்டதை வயிற்றுக்குச் சொல்லும் வழி வேகஸ்தான் என்பது இதனால் உறுதியாயிற்று. இன்று இதைச் செரிமானத்தின் தலைக்கட்டம் என்கிறோம். கணையம் இன்சுலினைச் சற்று முன்கூட்டியே சுரக்கத் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். அந்த நாய்கள் பட்ட பாட்டை நினைக்காமல் இந்த முடிவுகளை வகுப்பில் சொல்ல எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் நரம்பே காரணம் என்று பாவ்லவின் ஆய்வுக்கூடம் நம்பியது மிகையாகிவிட்டது. 1902ஆம் ஆண்டு இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குச் செல்லும் நரம்புகள் அனைத்தையும் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாத நிலையிலும் கணையம் சாறு சுரந்தது. குடலின் உட்சுவரைச் சுரண்டி அரைத்துப் பிழிந்த சாற்றை இரத்தத்தில் செலுத்தியபோதும் அப்படியே சுரந்தது. செக்ரிட்டின் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் இரத்தத்தின் வழியே செய்தி கொண்டு செல்கிறது. ஹார்மோன் என்ற கருத்தே அங்கிருந்துதான் வளர்ந்தது.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நாய், பூனை, எலி, மனிதன் போன்ற ஒற்றை இரைப்பை உயிர்களில் வேகஸை வெட்டினால் செரிமானம் நின்றுவிடாது, தடுமாறும். குடல் சுவருக்குள்ளேயே உணவுக்குழாய் முதல் மலக்குடல் வரை நீளும் தனி நரம்பு வலை இருப்பதால், சிறுகுடல் தன் வேலையைப் பெருமளவு தானே பார்த்துக்கொள்ளும். அதிகம் பாதிக்கப்படுவது இரைப்பைதான். 1940களில் மனிதர்களின் இரைப்பைப் புண்ணுக்குச் சிகிச்சையாக லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வேகஸை வெட்டியபோது, அமிலம் குறைந்து புண் ஆறியது. ஆனால் திட உணவு இரைப்பையை விட்டு இறங்காமல் பலருக்குத் தேங்கியது. அதனால் இரைப்பையின் கீழ்வாயிலையும் சேர்த்து அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அசைபோடும் விலங்குகளின் நிலை இதற்கு முற்றிலும் வேறானது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: போதும் என்று ஒரு விலங்குக்கு எப்படித் தெரிகிறது? உண்ட உணவு செரித்து இரத்தத்தில் கலக்க மணிக்கணக்கில் ஆகுமே, அதற்குள் அது உண்பதை நிறுத்திவிடுகிறதே! (பொறியாளர்)

பதில்: கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. உட்கொண்டதன் பெரும்பகுதி இரத்தத்தைச் சேரும் முன்பே விலங்கு நிறுத்திவிடுகிறது என்றால், நிறுத்தச் சொல்லும் செய்தி உணவுப்பாதையிலிருந்தே கிளம்பியாக வேண்டும்.

இரைப்பைச் சுவர் விரிவதை உணரும் வேகஸ் இழைகளை 1950களின் தொடக்கத்தில் பூனைகளில் கண்டறிந்து விளக்கியவர்களில் முன்னோடி, இந்திய உடலியங்கியல் அறிஞர் ஏ. எஸ். பெயின்டல். நரம்பைப் பிரித்துப் பிரித்து, ஒற்றை இழையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டே, இரைப்பைக்குள் வைத்த பலூனை அவர் ஊதினார். விரிவு கூடக்கூடத் துடிப்புகள் விரைந்தன. பசியும் தாகமும் தணிவதில் இந்த உணர்விகளுக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று அவர் அப்போதே எழுதினார். அன்று இருந்த கருவிகளைக் கொண்டு அவ்வளவு நுட்பமான வேலையைச் செய்தது என்னை எப்போதும் வியக்கவைப்பது.

ஆனால் விரிவு மட்டுமே போதும் என்றால், வெறும் தண்ணீரைக் குடித்தே விலங்கு பசியாறிவிடலாமே. எலியின் இரைப்பைக் கீழ்வாயிலில் ஊதி மூடக்கூடிய சிறு பட்டையைப் பொருத்திச் செய்த ஆய்வுகள் இந்தச் சிக்கலை அழகாக விடுவித்தன. வாயிலை மூடி, உட்சென்றது எதுவும் குடலுக்கு இறங்காதபடி செய்தால், இரைப்பையில் நிறைந்திருப்பது உப்புநீரா சத்துள்ள நீரா என்ற வேறுபாடு இல்லாமல், அளவைப் பொறுத்தே எலி உண்பதைக் குறைத்தது. வாயிலைத் திறந்துவிட்டபோதோ உப்புநீரின் விளைவு விரைவில் மறைந்தது. சத்துள்ள நீரின் விளைவு நீடித்தது. அதாவது, இரைப்பை கொள்ளளவைச் சொல்கிறது. சிறுகுடல் சத்தைச் சொல்கிறது. இரண்டுமே வேகஸ் வழியாகத்தான் பெரும்பாலும் மூளையைச் சேர்கின்றன.

சிறுகுடல் சத்தைச் சொல்லும் முறைகளில் நன்கு தெரிந்தது கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன். கொழுப்போ புரதமோ முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்குள்ள செல்கள் இதைச் சுரக்கின்றன. பித்தப்பை சுருங்குகிறது, கணையம் நொதிகளை வெளியிடுகிறது, இரைப்பை காலியாகும் வேகம் குறைகிறது. 1973ஆம் ஆண்டு இதை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது அவை வழக்கத்தைவிடக் குறைவாக உண்டன. 1981இல், வயிற்றறை வேகஸை வெட்டிய எலிகளில் அந்த விளைவு மறைந்துவிடுவது தெரியவந்தது. இரத்தத்தில் கலக்கும் ஹார்மோனாக இருந்தும், நிறைவைப் பொறுத்தவரை அது அருகிலுள்ள வேகஸ் முனைகளைத் தொட்டே பேசுகிறது.

இதில் முன்மூளையின் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். முன்மூளைக்கும் முகுளத்துக்கும் இடையிலான தொடர்பை முற்றிலும் துண்டித்த எலிகள் தாமாக உணவைத் தேடுவதில்லை. ஆனால் வாயில் இனிப்பு நீரைச் சொட்டவிட்டால் விழுங்குகின்றன. இரைப்பையை முன்பே நிரப்பியிருந்தால், விழுங்காமல் வாயிலிருந்து வழியவிடுகின்றன. ஆகவே, ஒரு வேளை உணவை எங்கே நிறுத்துவது என்ற முடிவை முகுளமே வேகஸின் துணையோடு எடுக்க முடியும். பல நாள் பட்டினி கிடந்தோமே, இன்னும் கூடுதலாக உண்போம் என்ற முடிவை மட்டும் அந்த எலிகளால் எடுக்க முடிவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வேகஸ் ஒரு வேளையின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. உடல் எடையை அதுவே தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு வேளையும் தொடங்கும்போது எலிக்குக் கோலிசிஸ்டோகைனினைச் செலுத்திக்கொண்டே இருந்தால், வேளைகள் சிறுத்துப்போகும். ஆனால் எலி அடிக்கடி உண்டு அதை ஈடுகட்டிவிடும். கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் போன்ற நீண்டகாலச் செய்திகள் இரத்தத்தின் வழியே முன்மூளையை, குறிப்பாக ஹைப்போதலாமஸை, அடைகின்றன. இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினும் வேகஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. பல மாதங்கள் கொழுப்பு மிகுந்த உணவையே உண்ட எலிகளில், விரிவுக்கும் கோலிசிஸ்டோகைனினுக்கும் வேகஸ் இழைகள் காட்டும் துலக்கம் மழுங்கிப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் கறவை மாடு ஒன்று சில வாரங்களாகத் தீவனத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தது. உடம்பு இளைத்தும் வயிறு மட்டும் பெருத்தது, சாணம் குறைந்தது. பரிசோதித்த மருத்துவர் இது வேகஸ் சம்பந்தமான செரிமானக் கோளாறு என்றார். மாட்டின் வயிற்று நோய்க்கும் கழுத்து நரம்புக்கும் என்ன தொடர்பு? (மாடு வளர்ப்பவர்)

பதில்: இம்மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது உங்களுடையது.

மாட்டின் இடப்பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழிவு தெரியும். அதில் உள்ளங்கையைப் பதித்து, ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும்பி, கையைத் தள்ளி, உருண்டு அடங்குவது தெரியும். காதை வைத்தால் தொலைவில் இடி உருள்வது போன்ற ஓசை கேட்கும். அதுதான் மாட்டின் நான்கு வயிறுகளில் மிகப் பெரியதான பெருவயிறு புரளும் ஓசை. நலமான மாட்டில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறையும், தீவனம் தின்னும்போது அதைவிட விரைவாகவும் அது வரும். வளர்ந்த மாட்டின் பெருவயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய நொதித்தல் தொட்டி. அங்கே நாள்தோறும் உருவாகும் நூற்றுக்கணக்கான லிட்டர் வாயுவும் ஏப்பமாகவே வெளியேற வேண்டும். கலக்குவது, அசைபோட மேலே அனுப்புவது, ஏப்பம் விடுவது, கீழே தள்ளுவது ஆகிய நான்கும் ஒழுங்கான சுருக்கங்களால் நடக்கின்றன.

ஒற்றை இரைப்பை உயிர்களுக்கும் மாட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பெருவயிற்றுக்கும் அதற்கு முன்னே உள்ள தேன்கூட்டு வயிற்றுக்கும் இந்தச் சுருக்கங்களைத் தாமாகவே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் திறன் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் முகுளத்தில் தொடங்கி வேகஸ் வழியே இறங்கி வருகிறது. இரு வேகஸ் நரம்புகளையும் வெட்டினால் ஒருங்கிணைந்த சுருக்கங்கள் முற்றாக நின்றுவிடும். தேன்கூட்டு வயிற்றின் சுவரிலுள்ள உணர்விகள், சுவர் மிதமாக விரியும்போது ‘வேகப்படுத்து’ என்று வேகஸ் வழியே முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. விரிவு எல்லை மீறிப்போனாலோ, வேறு வகை உணர்விகள் ‘நிறுத்து’ என்று அனுப்புகின்றன. வயிறு கடுமையாக உப்பிய மாட்டில் புரளல் கூடாமல் அடங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் மருத்துவர் சொன்ன நோயை சுவீடனைச் சேர்ந்த ஹோஃப்லுண்ட் 1940ஆம் ஆண்டு விரிவாக ஆராய்ந்தார். வேகஸின் வெவ்வேறு கிளைகளை வெட்டினால் மாட்டுக்கு எந்தெந்த வகையில் வயிறு தேங்கும் என்பதை அவர் காட்டினார். அதனால் இந்த நோய்க்கு அவர் பெயரும் உண்டு. நடைமுறையில் யாரும் மாட்டின் நரம்பை வெட்டுவதில்லை. பெரும்பாலும் ஓர் ஆணியோ கம்பித் துண்டோதான் காரணம். மாடு தீவனத்தை நன்றாக மெல்லாமல் விழுங்கும் பழக்கம் உடையது. கூடவே விழுங்கப்படும் இரும்பு, கனத்தால் தேன்கூட்டு வயிற்றில் தங்கி, அது சுருங்கும்போதெல்லாம் சுவரைக் குத்துகிறது. அங்கே சீழ்க்கட்டியும், சுவர் அக்கம்பக்கத்துத் திசுக்களோடு ஒட்டிக்கொள்வதும் ஏற்படுகின்றன. நரம்பே சிதைவதால்தான் நோய் வருகிறது என்று முன்பு எண்ணினார்கள். இறந்த மாடுகளை ஆராய்ந்தபோது, பலவற்றில் நரம்பு நன்றாகவே இருந்தது. விரிவை உணர வேண்டிய சுவர்தான் ஒட்டிக்கொண்டு அசைவற்றுக் கிடந்தது. பேச வேண்டிய இடமே ஊமையாகிவிட்டால் நரம்பு நன்றாக இருந்தும் பயனில்லை. சூல் முற்றிய மாடுகளிலும், நான்காம் வயிற்றில் கோளாறு உள்ள மாடுகளிலும் இதே நிலை வரக்கூடும்.

பின்னாலிருந்து பார்த்தால், இடப்பக்கம் மேலும் கீழும் பருத்து ஆப்பிள் போலவும், வலப்பக்கம் கீழே மட்டும் பருத்துப் பேரிக்காய் போலவும் தோன்றுவது இந்த நோய்க்கே உரிய வடிவம். சில மாடுகளில் இதயத்துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். அப்போது அட்ரோபின் கொடுத்துப் பார்த்து, துடிப்பு உயர்கிறதா என்று சோதிப்பதும் உண்டு. அந்த மருந்து இதயத்தின் மேல் வேகஸுக்கு உள்ள பிடியைத் தளர்த்திவிடும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, பெருவயிற்றைத் திறந்து உள்ளே கையை விட்டு, இரும்பு இருக்கிறதா, சீழ்க்கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதே தெளிவான வழி. பிழைக்கும் வாய்ப்பு காரணத்தைப் பொறுத்து மாறும் என்பதால், உங்கள் மாட்டைப் பார்க்காமல் நான் நம்பிக்கை கொடுப்பதோ பறிப்பதோ முறையாகாது. மற்ற மாடுகளுக்கு இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: விரல் அளவிலான காந்தம் ஒன்றை மருத்துவரைக் கொண்டு வாய்வழியே விழுங்கச் செய்தால், அது வாழ்நாள் முழுவதும் தேன்கூட்டு வயிற்றிலேயே கிடந்து, வரும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். என் தொழிலின் தொடக்கத்தில் ஒரு மாட்டின் தேன்கூட்டு வயிற்றிலிருந்து மூன்று விரல் நீளக் கம்பியை எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் இடப்பக்கக் குழிவில் கை வைத்தபோது, பல நாள் அசைவற்றிருந்த வயிறு என் உள்ளங்கையைத் தள்ளி எழும்பியது. அந்த மாடு தலையைத் திருப்பி வைக்கோலை இழுத்துத் தின்னத் தொடங்கியதும் அன்றுதான்.

கேள்வி: தாயை இழந்த கன்றுக்கு வாய்க்குள் குழாயைச் செலுத்திப் பால் ஊற்றலாமா? (அதே வாசகர்)

பதில்: உயிர் காக்க வேண்டிய அவசரத்தில் மருத்துவர் செய்யலாம், அன்றாடப் பழக்கமாக்கக் கூடாது. கன்று மடியையோ புட்டிக் காம்பையோ உறிஞ்சும்போது, வாயிலும் தொண்டையிலும் எழும் உணர்வு முகுளத்துக்குச் சென்று, அங்கிருந்து வேகஸ் வழியே திரும்பி, உணவுக்குழாயின் முடிவிலுள்ள பள்ளத்தின் இரு உதடுகளையும் சுருட்டி மூடிக் குழாய் போலாக்குகிறது. பால் பெருவயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றை அடைகிறது. குழாயில் ஊற்றும்போது கன்று உறிஞ்சுவதில்லை, பள்ளமும் மூடுவதில்லை. பெருவயிற்றில் விழுந்த பால் அங்கேயே புளித்துக் கன்றை நலிவாக்கும். காம்பு பொருத்திய புட்டியை, கன்று கழுத்தை நீட்டி உறிஞ்சும் உயரத்தில் பிடித்துக் கொடுங்கள்.

கேள்வி: நாயும் பூனையும் எளிதில் வாந்தி எடுக்கின்றன. எலி வாந்தி எடுப்பதே இல்லை என்கிறார்களே, அதற்கு வேகஸ் இல்லையா? (இல்லத்தரசி)

பதில்: எலிக்கும் வேகஸ் உண்டு; குமட்டலும் உண்டு என்றே தோன்றுகிறது. வெளியேற்றும் ஏற்பாடுதான் இல்லை. நச்சுப் பொருள் நாயின் குடலைத் தொட்டதும், குடல் உட்சுவரிலுள்ள சில செல்கள் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. உடலிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி இருப்பது மூளையில் அன்று, குடலில்தான். அது வேகஸ் முனைகளைத் தூண்ட, செய்தி முகுளத்தை அடைகிறது. அங்கிருந்து இறங்கும் கட்டளையில் இரைப்பை தளர்கிறது, சிறுகுடலில் ஒரு பெரும் சுருக்கம் எதிர்த்திசையில் எழுந்து உள்ளிருப்பதை இரைப்பைக்குத் தள்ளுகிறது, பின் வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் இறுகி வெளியேற்றுகின்றன. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்தியைத் தடுக்க இன்று பரவலாகக் கொடுக்கப்படும் ஒண்டான்செட்ரான், வேகஸ் முனைகளில் செரட்டோனின் ஒட்டும் இடத்தையும் அடைத்து வேலை செய்கிறது. குமட்டலுக்கு உள்ளான எலி களிமண்ணைத் தின்னும். அது எவ்வளவு தின்கிறது என்பதைக் கொண்டே ஆய்வாளர்கள் அதன் குமட்டலை அளக்கிறார்கள்.

கேள்வி: விலங்கு நாக்கின் சுவைக்காக உண்கிறதா, வயிற்றின் சொல்லைக் கேட்டு உண்கிறதா? (கல்லூரி விரிவுரையாளர்)

பதில்: முதல் கவளத்துக்கு நாக்கும் மூக்கும், அடுத்த முறை அதே உணவைத் தேடி வருவதற்கு வயிறும் என்று சொல்லலாம். நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சுண்டெலிகளுக்குச் சர்க்கரை நீரும் செயற்கை இனிப்பு நீரும் அருகருகே வைக்கப்பட்டன. தொடக்கத்தில் இரண்டையும் ஒரே அளவில் குடித்த சுண்டெலிகள், இரண்டு நாட்களுக்குள் சர்க்கரைப் பக்கமே சாய்ந்துவிட்டன. இனிப்பை உணரும் மூலக்கூறே நாக்கில் இல்லாதபடி பிறந்த சுண்டெலிகளும் அப்படியே செய்தன. குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் வழிச் செய்தியைத் தடுத்தபோது அந்தச் சாய்வு உருவாகவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2018இல், இரண்டு முக்கியமான முடிவுகள் வந்திருந்தன. குடல் உட்சுவரிலுள்ள சில செல்கள், ஹார்மோனைச் சுரந்துவிட்டுக் காத்திருப்பதோடு நில்லாமல், வேகஸ் நரம்பணுக்களோடு நேரடியாக இணைந்து, சர்க்கரை வந்த செய்தியை நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் கடத்துகின்றன என்பது ஒன்று. குடலிலிருந்து வரும் வலப்பக்க வேகஸின் உணர்விழைகளை ஒளியால் தூண்டினால், மூளையில் விருப்பத்தைத் தூண்டும் டோபமின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, சுண்டெலி அந்தத் தூண்டலைத் தானே மீண்டும் மீண்டும் தேடிச் செல்கிறது என்பது மற்றொன்று. போதும் என்று சொல்லும் நரம்பே, இன்னும் வேண்டும் என்பதையும் சொல்லித்தருகிறது. வெவ்வேறு இழைகள் வெவ்வேறு செய்திகளைச் சுமக்கின்றன என்பதால் இதில் முரண்பாடு இல்லை. வேகஸை ஒரே நரம்பு என்று பொதுவாகப் பேசும் பழக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

கேள்வி: என் பூனை வீடு மாறிய பின் சரியாக உண்பதில்லை. கழுத்தை நீவிவிட்டால் வேகஸ் தூண்டப்பட்டுப் பசி வரும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செய்யலாமா? (பூனை வளர்ப்பவர்)

பதில்: கழுத்தை அழுத்தி நீவ வேண்டாம். நான் மேலே சொன்னபடி, அந்த இடத்தில் ஓடும் நரம்பில் இதயத்துக்கும் குரல்வளைக்கும் வயிற்றுக்கும் உரிய இழைகள் எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன. பசிக்கு உரியதை மட்டும் விரலால் தேர்ந்து தூண்ட யாராலும் முடியாது. பசியைத் தூண்ட மருந்துகள் இருக்கின்றன. கிரெலினைப் போலச் செயல்படும் கேப்ரோமோரெலின் நாய்களுக்கு 2016 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால் காரணத்தைக் காணாமல் எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது.

வீடு மாறியதுதான் காரணம் என்றால் அச்சம் செய்யும் வேலையை நினைத்துப் பாருங்கள். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட மூன்றே ஆண்டுகளுக்குள், 1898இல், வால்ட்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியங்கியல் அறிஞர், எக்ஸ் கதிரில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் கலந்த உணவை உண்ட பூனைகளின் இரைப்பை அலையலையாகச் சுருங்குவதைத் திரையில் பார்த்து எழுதினார். பூனை மிரண்டாலோ சினந்தாலோ அந்த அலைகள் அப்படியே நின்றன. அமைதியானதும் மீண்டும் எழுந்தன. அச்சத்தில், உடலை ஆபத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் ஓங்கி, வேகஸின் செயல் அடங்கிப்போவதே காரணம் என்று இன்று விளக்குகிறோம். ஆகவே பழைய தட்டையும் பழைய படுக்கைத் துணியையும் ஓசை குறைந்த ஓர் அறையில் வையுங்கள். உணவைச் சற்று இளஞ்சூடாக்கினால் மணம் எழும். பக்கத்தில் உட்காருங்கள், வற்புறுத்தாதீர்கள். நீங்கள் ‘சரியாக உண்பதில்லை’ என்று எழுதியிருப்பதற்கு ‘எதுவுமே உண்பதில்லை’ என்று பொருளானால், இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில், குறிப்பாகப் பருத்த பூனையாக இருந்தால், கொழுப்பு விரைந்து படியும். காது மடலின் உட்புறமோ ஈறோ மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.